சிவப்புக் கோடு விழாத கடிதம்

ஜூன் 9

எடை மேடையின் பேரரசியும், பதினாறு சக்கர லாரிகளை ஒரே முறைப்பில் நடுங்கவைப்பவளும், சொந்தத் தம்பியை மட்டும் எந்தத் தராசிலும் ஏற்ற மறுப்பவளுமான அக்காவின் சமூகத்துக்கு,

இந்தப் பூமியில் ஒருத்தரும் நம்பமாட்டாத ஒரு கதையை இப்போது சொல்லப்போகிறேன். நான் ஓட்டும் வண்டியின் நான்கு சக்கரங்கள் மீதும், பின்னால் தொங்கும் பஞ்சரான ஐந்தாவது சக்கரத்தின் மீதும் சத்தியம். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. "உன் குரல்லயே பொய்யத் தடவி வச்சிருக்கே. எழுதி அனுப்பு, பேனா வச்சுப் பிடிச்சிடுறேன்" என்று நீ சட்டம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பேரரசியின் சட்டம். மதிக்கிறேன்.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். இதய ஸ்கேன் வண்டிக்கு டிரைவர். ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு, பிள்ளைகளின் நெஞ்சில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். டிரைவர் என்பது சம்பளத்துக்கு. என் உண்மையான பதவி ஆஸ்தான கதைசொல்லி. பிள்ளை இடப்பக்கம் சாய்ந்து ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டும். எந்தப் பிள்ளை படுக்கும்? அதனால் திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் புளுகுவேன். திரைக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் அம்மா படம் பார்ப்பார்.

லீவுக்கு என்னிடம் வந்திருந்த உன் மகள் கடுகு, "நானும் முகாமுக்கு வரேன் மாமா" என்றாள். கூட்டிப்போனேன். அங்கே போனால் பள்ளிக்கூடம் காலி! அந்தக் கருவி நெஞ்சை உறிஞ்சி எடுத்துவிடும் என்று எவனோ என்னைவிடப் பெரிய புளுகன் கிளப்பிவிட்டிருக்கிறான். பிள்ளைகள் எல்லோரும் மரத்தின் மேல். முந்நூறு பிள்ளைகள் ஒரே மரத்தில். கனம் தாங்காமல் மரம் வேரோடு எழுந்து இரண்டு தப்படி நடந்தது. ஹெட்மாஸ்டர் மீசையைக் கயிறாக்கி மேலே வீசினார். அதையும் பிடித்து இழுத்து அறுத்துவிட்டார்கள்.

அப்போது கடுகு என்ன செய்தாள் தெரியுமா? "நான் படுக்கிறேன். இவங்க பார்க்கட்டும்" என்று போய்ப் படுத்தாள். சூரியனே நின்று எட்டிப் பார்த்தது. நான் பலசாலிப் பெண்ணின் கதையை எடுத்துவிட்டேன், தம்பியை முதுகில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தாளே, அவளுடைய கதை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கி ஜன்னலில் ஒட்டிக்கொண்டன. கடுகு அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

ஸ்கேன் அம்மா "அப்புறம்?" என்றார். நான் இன்னொரு ஆற்றை விட்டேன். "அப்புறம்?" என்றார். யானையை இறக்கினேன். மறுபடியும் "அப்புறம்?". மலையை நகர்த்தினேன். மறுபடியும். அக்கா, நாற்பது வருஷமாக ஊறிக்கொண்டிருந்த என் பொய்க் கிணறு அன்றைக்கு அடி தெரிய வற்றிப்போயிற்று. நான் வண்டிக்குப் பின்னால் போய் அழுத அழுகையில் வண்டி மிதந்து பக்கத்து ஊர்வரை போய்விட்டது. கயிறு கட்டி இழுத்துவந்தோம்.

கடுகின் நெஞ்சில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லையாம். சீட்டு இதோடு இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அவளைக் கொண்டுவந்து விட்டபோது வாசலில் வைத்தே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ "செருப்பைக் கழட்டு, இப்பதான் துடைச்சேன்" என்றாய். கடுகும் பக்கத்திலேயே நின்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் பாதங்களைத் துடைக்கும் துணியாகிய,
தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்புக் கோடு விழுந்த இடமெல்லாம் பொய். மீசையைத் தாண்டும்போது பேனாவில் மை தீர்ந்து, எடை ரூமிலிருந்து வேறு பேனா எடுத்துவந்தேன். வால்வு என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்கும் சேர்த்துத்தான் கோடு.

சீட்டை நம்பச் சொல்லாதே. எடை போடுவதில் எனக்கு உலகப் பரிசு கிடைத்திருக்கிறது என்று முத்திரை குத்திய காகிதம் அனுப்பியவன் நீ. நான் அதை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இன்றைக்கும் அங்கே லோடு இறக்குகிறவர்கள் என்னை "சாம்பியன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதையாவது விட்டுவிடலாம். உன் வண்டி பாலத்திலிருந்து கவிழ்ந்துவிட்டதென்று எழுதினாயே? வேலையைப் போட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி, அழுதுகொண்டே வந்து நின்றேன். நீ வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாய். "உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சுக்கா" என்றாய். அதற்குப் பிறகுதானே அந்தச் சட்டம்?

அவள் அப்பாவுக்கும் படித்துக்காட்டினேன். "வண்டி மிதந்துச்சாமா? நம்ம பக்கமா வந்தா சொல்லு, ஏறிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கடுகுக்கு ஒன்றுமில்லை. ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவள் அவள். சளி, தொண்டை வலி எந்தப் பிள்ளைக்கு வராது? போன மழைக்காலத்தில் தொண்டை கட்டியது, போய்விட்டது. பிறகு கொஞ்ச நாள் முட்டி வலி என்றாள். முட்டி விட்டது, கணுக்கால் பிடித்தது. அதுவும் விட்டது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதானே என்று நான் தைலம் தேய்த்துவிட்டேன். அவ்வளவுதான் அவளுடைய மொத்த நோய்.

என்னைக் கேட்காமல் என் பிள்ளையை ஊர் பார்க்கப் படுக்கப்போட்டாயே, அதை நான் மன்னிக்கவில்லை. நெஞ்சு நோய்க்காரி என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதைச் சுரண்டி எடுக்க முடியுமா? பெண் பிள்ளைடா அவள்.

உண்மையை எழுத வரும்போது எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா


ஜூன் 22

அக்கா,

கடுகின் நெஞ்சில் ஒரு வால்வு தடித்திருக்கிறது. முழுதாக மூடவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் வந்த வழியே திரும்புகிறது. இப்போது கொஞ்சம்தான்.

தொண்டைப் புண்ணில் ஆரம்பிக்கிற நோய் இது. சில பிள்ளைகளுக்குத் தொண்டை ஆறின பிறகு மூட்டு வலிக்கும். ஒரு மூட்டு விட்டு இன்னொன்று. பிறகு அது நெஞ்சில் போய்த் தங்கும். முட்டியும் கணுக்காலும் என்று நீ எழுதியதை ஸ்கேன் அம்மாவிடம் படித்துக்காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"அப்புறம்?" என்பது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. நெஞ்சு சரியாக இருந்தால் அவர் பேசமாட்டார்; பிள்ளை எழுந்து போய்விடும். ஏதாவது கண்ணில் பட்டால் இன்னும் நேரம் வேண்டும், ஆனால் பிள்ளை பயப்படக்கூடாது. அதனால் கதை கேட்கிற மாதிரி "அப்புறம்?" என்பார். நான் கதையை நீட்ட வேண்டும். அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தது நான்தான்.

மற்றப் பிள்ளைகளின் பயம் போக, சும்மா காட்டுவதற்குப் படுக்கிற பிள்ளைக்கு நாங்கள் படம் பார்ப்பதே இல்லை. கருவியை வைத்து, சிரித்து, எடுத்துவிடுவோம். அன்றைக்குப் பழக்கத்தில் அவர் கண் கருவியின் படத் திரைக்குப் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

போன வருஷம் ஓர் ஊரில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் தங்கையைக் கூட்டிவந்தாள். எங்கள் வண்டி நின்ற இடத்திலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தாள். வயிற்றில் பிள்ளை. அவளையும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் முட்டி வலி வந்ததாம். வளர்கிற வலி என்று அவள் வீட்டிலும் சொன்னார்களாம். அவளை நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன். திரும்பும்போது அவள் தங்கை மட்டும் வண்டியில் இருந்தாள்.

கடுகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கூட்டிப்போ.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் வழக்கம்போலப் பேனாவைத் திறந்தேன். முதல் வரிக்குக் கீழே கொண்டுபோனேன். இறங்கவில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ஒரு யானை இல்லை. பேரரசி இல்லை. வேறு யாராவது உன் பெயரில் எழுதிவிட்டார்களோ என்று பழைய கடிதங்களை எடுத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்த்தேன். உன்னுடையதுதான்.

பேனாவை மூடி வைத்தேன். மேடையில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர், "சாம்பியன், எடை சொல்லுங்க" என்று கத்தினான். எண் கண் முன்னாலேயே எரிகிறது, எனக்குப் படிக்க வரவில்லை. அவனையே இறங்கிவந்து படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாளே கூட்டிப்போனேன். நீ எழுதியதைத்தான் டாக்டரும் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை. திரையில் காட்டினார். நீலமும் சிவப்புமாக ஏதோ ஓடியது. போகவேண்டிய பக்கம் போய்க்கொண்டே, நடுவில் ஒரு சின்னக் கீற்று மட்டும் பின்னால் திரும்பியது. "அம்மா, எனக்குள்ள ஒருத்தன் ரிவர்ஸ் எடுக்கிறான்" என்றாள் கடுகு. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு அந்தக் கீற்றைத் தவிர வேறொன்றும் கண்ணில் நிற்கவில்லை.

ஆபரேஷன் இப்போது வேண்டாம். மாதம் ஒரு ஊசி. தொண்டைப் புண் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளும் ஊசி. வந்தால் ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெடும். எத்தனை வருஷம் என்று கேட்டேன். "வளர்ந்து பெரியவளாகும் வரைக்கும்னு வச்சுக்குங்க. ஒரு தடவைகூட விடாதீங்க" என்றார். பிறகு, "இவ்வளவு சீக்கிரமா எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நிறைய பேர் மூச்சு வாங்க ஆரம்பிச்ச பிறகுதான் வருவாங்க" என்றார்.

என்ன பதில் சொல்வேன்? என் தம்பி ஒரு புளுகன், அவன் புளுகாமல் ஒரு கடிதம் எழுதினான் என்றா?

ராத்திரி அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் அந்த முட்டியில் தைலம் தேய்த்திருப்பேன். ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் நின்றாயே. செருப்பைப் பற்றித்தானே சொன்னேன். அதையும் மீறிச் சொல்லியிருக்கக் கூடாதா?

அக்கா


ஜூலை 14

அக்கா,

சொல்லியிருந்தால் நீ நம்பியிருக்கமாட்டாய். அது பாதி காரணம். நீ நம்பிவிடுவாயோ என்ற பயம் மீதி. வண்டி கவிழ்ந்தது என்று எழுதியபோது நீ வந்து நின்ற முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த முகத்தை நிஜத்துக்காக இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் கடிதத்தை ஸ்கேன் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். ரிவர்ஸ் எடுக்கிறவனைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார், பிறகு பிள்ளைகளின் நெஞ்சில் தடவும் ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைக்கப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. இப்போது வேலையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். காட்டுவதற்குப் படுக்கிற பிள்ளைக்கும் முழுப் படம் பார்க்கிறோம். வீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் படுக்கவைக்கிறோம். நீ போட்ட சண்டைக்குக் கிடைத்த சட்டம் என்று வைத்துக்கொள்.

கடுகின் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? அங்கே எந்த வண்டியும் வந்ததில்லை என்றாள். ஹெட்மாஸ்டரிடம் நீயே போய்ப் பேசு. தொண்டை வலியை விடாதீர்கள், மூட்டு மாறி மாறி வலித்தால் காட்டுங்கள் என்று மற்ற அம்மாக்களிடமும் சொல்லு. நான் சொன்னால் சிரிப்பார்கள். நீ சொன்னால் நம்புவார்கள்.

இன்னொன்று. எனக்குக் கதை வரமாட்டேன் என்கிறது. ஸ்டூலில் போய் உட்கார்ந்தால் வாய் பூட்டிக்கொள்கிறது. நேற்று ஒரு பிள்ளை, "ஏன் மாமா, உங்களுக்குத்தான் ஊசி போடப்போறாங்களா?" என்று கேட்டது.

தம்பி


அக்டோபர் 28

தம்பிக்கு,

மூன்று ஊசி எப்படியோ போட்டுவிட்டோம். நான்காவதைக் கோட்டைவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

இடுப்பில் போடுகிற ஊசி. மருந்து கெட்டி. மெதுவாகத்தான் ஏற்ற முடியும். இரண்டு நாள் நொண்டுகிறாள். நான்காவது தடவை குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். "நான் நல்லாத்தானே இருக்கேன்! ஓடுறேன், சாப்பிடுறேன், ஒரு இருமல்கூட இல்ல. எதுக்கு ஊசி?" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள். அவள் அப்பா கதவைப் பேர்த்துவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவளுக்குத் தொண்டை கரகரத்தது.

அன்றைக்கு நான் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. மருந்து கொடுத்தார்கள். ஊசியையும் போட்டார்கள். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தத் தடவை தப்பித்தோம் என்றார் டாக்டர். இந்தத் தடவை என்று அவர் சொன்ன மாதிரி எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

ஊசி போடும்போது அவள் என்னிடம், "மாமா மாதிரி கதை சொல்லு, அசையாம இருக்கேன்" என்றாள். முயற்சி செய்தேன். "ஒரு ஊர்ல ஒரு லாரி இருந்துச்சு. அதோட எடை ஒன்பது டன்" என்றேன்.

"அப்புறம்?"

"லோடு இறக்கின பிறகு நாலு டன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரசீது வாங்கிட்டுப் போயிடுச்சு."

ஊசி போடுகிற நர்ஸுக்குச் சிரிப்பில் கை ஆடிவிட்டது. கடுகு வலியில் அழுததைவிட என் கதைக்குத்தான் அதிகமாக அழுதாள்.

எனக்குப் பொய் வரவில்லைடா. எவ்வளவு பிடித்துத் தள்ளினாலும் வாயிலிருந்து எடைதான் வருகிறது. உனக்குக் கதை வரவில்லை என்று எழுதியிருந்தாய். வரவழை. இத்தனை வருஷம் உன் பொய்க்குக் கோடு போட்டேன், இப்போது நானே கேட்கிறேன். பொய் அனுப்பு. தாராளமாக அனுப்பு. ஊசி முழுக்க ஏறும் வரை தாங்குகிற மாதிரி ஒன்று.

உன் பேச்சைக் கேட்டு ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அடுத்த ஜூனுக்குள் வண்டி வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு அம்மாக்களிடம் சொன்னேன். ஒருத்தி மட்டும் போய்க் காட்டியிருக்கிறாள். மற்ற மூன்று பேரிடமும் மறுபடி சொல்வேன்.

அக்கா


நவம்பர் 6

அகில உலக எடை சாம்பியனாகிய அக்காவுக்கும், ரிவர்ஸ் எடுக்கும் ஆசாமியை நெஞ்சிலேயே வாடகைக்கு வைத்திருக்கும் வீராங்கனை கடுகுக்கும்,

கேட்டது பேரரசி. கொடுக்காமல் இருக்க நான் யார்? உன் லாரிக் கதையைப் படித்த ஐந்தாவது நிமிஷம் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது. ரசீது வாங்கிக்கொண்டு போயிற்றாம்! ஸ்கேன் அம்மா சிரித்ததில் திரை அறுந்துவிட்டது. இதோ, பலசாலிப் பெண்ணின் கதை முழுசாக. ஊசி குத்தும்போது ஆரம்பி. பஞ்சு வைத்து அழுத்தும்போது முடி.

ஒரு பெண்ணுக்கு ஒரு தம்பி. அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. எவ்வளவு அனல் என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் அவன் நெற்றியில் ரொட்டி சுட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவன் சும்மா கனமா? இன்னும் சொல்லாத பொய்கள் வயிறு முழுக்க. ஒன்பது டன்! அவள் கால் வைத்த இடமெல்லாம் கிணறு விழுந்தது. அந்த நாட்டுக்குக் குடிதண்ணீரே அப்படித்தான் கிடைத்தது.

எதிரே ஆறு வந்தது. ஆறு எழுந்து நின்று, "ஏம்மா, இறக்கி வையேன். நான் கொண்டுபோய் விடறேன்" என்றது. "நீ போற வழி வேற, நான் போற வழி வேற. தள்ளு" என்றாள். ஆறு வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கியது.

யானை வந்தது. "நான் சுமக்கிறேன், இறக்கி வை" என்றது. தம்பியின் சுண்டுவிரலை மட்டும் தும்பிக்கையால் தூக்கிப் பார்த்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. யானையையும் அவள்தான் கொஞ்ச தூரம் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பாதி வழியில் தம்பிக்குக் கண் சொருகியது. தூங்கினால் எழுந்திருக்கமாட்டானோ என்று அவளுக்குப் பயம். "டேய், தூங்காதே. ஏதாவது சொல்லிக்கிட்டே வா" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா" என்றான். "தெரியாட்டி புளுகு" என்றாள். அவன் வயிற்றிலிருந்து முதல் பொய்யை எடுத்து வெளியே விட்டான். "அக்கா, அந்த மரம் நடக்குது" என்றான். "அப்புறம்?" என்றாள். "என்னைப் பார்த்து வணக்கம் சொல்லுது." "அப்புறம்?" அவன் ஒவ்வொரு பொய்யாக வெளியே விட விட அவளுக்குக் கனம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பது டன் எட்டாயிற்று, ஏழாயிற்று. அவள் விடவில்லை. "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

கடைசியில் ஒரு மலை குறுக்கே உட்கார்ந்திருந்தது. "இறக்கி வை, அப்பதான் வழி" என்றது. அவள் பதிலே சொல்லவில்லை. மலையை ஒரு பார்வை பார்த்தாள், பதினாறு சக்கர லாரியைப் பார்க்கிற மாதிரி. மலை எழுந்து, புட்டத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாசல். ஊசி போட்டார்கள். தம்பி ஊரையே கூட்டும்படி அலறினான். அந்த அலறலில்தான் மேகங்கள் பிளந்து முதன்முதலாக மழை பெய்ய ஆரம்பித்தது.

பஞ்சை அழுத்து. முடிந்தது.

மாமா


அடுத்த வருஷம், ஜூன் 19

தம்பிக்கு,

ஒரு வருஷம் ஆனதும் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நேற்று.

நான் திரைக்கு வெளியே நின்றேன். கடுகு உள்ளே படுத்திருந்தாள். படம் எடுக்கிறவர் புதியவர், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. வெளியே வந்ததும் கடுகு என் காதில், "அம்மா, அவங்க 'அப்புறம்'னு கேக்கவே இல்ல!" என்றாள். உன் பழைய கடிதத்தை நான் பீரோவில் வைத்திருந்தேன். எப்போது எடுத்துப் படித்தாளோ.

டாக்டர் பார்த்துவிட்டு, வால்வு போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது, மோசமாகவில்லை என்றார். ஒழுகல் இன்னும் இருக்கிறது. ஊசியும் இருக்கும். அந்த ஒரு தடவைக்குப் பிறகு ஒன்று விடாமல் போட்டதால் வந்த பலன் என்றார். கடுகு, "கதையும் ஒண்ணு விடாம சொன்னாங்க டாக்டர்" என்றாள். அந்த நவம்பரிலிருந்து எல்லா ஊசிக்கும் அதே கதைதான். யானை வரும் இடத்தில் இப்போது எனக்கே கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வருகிறது.

பள்ளிக்கூடத்துக்கு வண்டி வந்துபோயிற்று. உன் வண்டி இல்லை, வேறு வண்டி. எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்று, நான் சொன்னபோது சிரித்துவிட்டுப் போன அந்த மூன்று அம்மாக்களில் ஒருத்தியின் பிள்ளை. முந்தாநாள் எடை ரூமுக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை நீட்டினாள். ஊசிக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கடுகு இப்போது உன் கதையை விரித்துவைத்துக்கொண்டு என் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள். எது நிஜம், எது பொய் என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். எல்லா வரிக்கும் கோடு போட்டுவிட்டாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்த இடம் என்று நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு.

போன் அடித்தால் இனி எடுக்கிறேன். ஆனாலும் எழுது.

அக்கா


ஜூன் 26

கடுகுக்கு,

பேனா மூடியைத் திற. மாமா வாக்குமூலம் கொடுக்கிறேன்.

யானை பொய். மலை பொய். ஆறு எழுந்து நிற்கவில்லை. அது ஆறே இல்லை, ஒரு வாய்க்கால். நெற்றியில் யாரும் ரொட்டி சுடவில்லை. ஒன்பது டன் பொய், உன் அம்மாவின் லாரியிலிருந்து திருடியது. கிணறுகள் பொய். மரம் நடந்தது பொய். அவன் அலறியதால் மழை வந்தது என்பது அண்டப் பொய். எல்லாவற்றுக்கும் கோடு போடு, கனமாகப் போடு.

ஆனால், தம்பி தூங்கிவிடக்கூடாது என்று வழி முழுக்க "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி நடந்தாளே, அந்த ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். முதுகில் இருந்தவனுக்குத் தெரியும்.

மாமா